அடுத்து எதை வாசிக்கலாம்? வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: வேதாகமம் தவிர எதையும் வாசித்ததில்லை. தொடங்குவதற்கு ஒரே ஒரு புத்தகம் சொல்லுங்கள்.

ஜான் பனியனின் ‘மோட்சப் பிரயாணம்’. முதுகில் மூட்டையோடு ஒருவன் ஓடுவான், சிலுவையருகே மூட்டை அவிழ்ந்து விழும், சுபம் என்றுதான் ஓய்வுநாள் பள்ளிக் கதையாக இது பலருக்கு நினைவிருக்கும். முழு நூலை எடுத்துப் பாருங்கள். மூட்டை விழுவது கதையின் முன்பகுதியிலேயே. மாயச் சந்தை, சந்தேகக் கோட்டை, கூடவே வந்து ஓயாமல் பக்தி பேசும் வாயாடி எல்லாம் அதற்கு அப்புறம்தான். ‘இரட்சிக்கப்பட்ட பிறகும் ஏன் இவ்வளவு போராட்டம்?’ என்று கேட்கிறவருக்கு இந்த அமைப்பே பாதி பதில். அனுமதியின்றிப் பிரசங்கித்ததற்காகப் பன்னிரண்டு ஆண்டுகள் சிறையில் இருந்தவர் பனியன். போராட்டத்தை ஏட்டில் படித்து எழுதியவர் அல்ல. முதல் பாகம் 1678-ல் வந்தது. 1684-ல் வந்த இரண்டாம் பாகத்தில் அந்த மூட்டைக்காரனின் மனைவியும் பிள்ளைகளும் அதே வழியில் கிளம்புகிறார்கள். அதைப் பலர் தொடுவதே இல்லை, பாவம்.

செய்யுள் ருசி உண்டென்றால் எச்.ஏ. கிருஷ்ணப் பிள்ளையின் ‘இரட்சணிய யாத்திரிகம்’ (1894) இருக்கிறது. பனியனின் கதைதான். ஆனால் மொழிபெயர்ப்பு என்று எண்ணிவிடாதீர்கள். கம்பனைக் கரைத்துக் குடித்த ஒருவர் பாடிய காப்பியம்.

கேள்வி: அகஸ்டினின் சுயசரிதையை மூன்று முறை எடுத்தும் முடிக்க முடியவில்லை. என்னிடம் ஏதாவது குறையா?

பத்தாம் புத்தகத்தில்தானே நின்றீர்கள்? நானும் அங்கேதான் நின்றேன். அந்த நூலில் மொத்தம் 13 புத்தகங்கள். வாழ்க்கைக் கதை ஒன்பதோடு, அவருடைய தாய் மோனிக்காவின் மரணத்தோடு முடிகிறது. பிறகு நினைவு என்றால் என்ன, காலம் என்றால் என்ன, ஆதியாகமத்தின் தொடக்கத்தை எப்படிப் புரிந்துகொள்வது என்று வேறு திசையில் போய்விடுகிறார். ஒன்பதோடு மூடி வையுங்கள், தப்பே இல்லை. பசியில்லாமலே பேரிக்காய் திருடியதைப் பற்றி இரண்டாம் புத்தகத்தில் எழுதியிருப்பதை மட்டும் இன்னொரு முறை வாசியுங்கள். திருடிய காய் வேண்டியிருக்கவில்லை, திருட்டுதான் இனித்தது என்கிறார்.

கேள்வி: மனைவியை இழந்த நண்பருக்கு ஒரு நல்ல புத்தகம் கொடுக்க விரும்புகிறேன்.

முதல் சில வாரங்களுக்கு எதுவும் கொடுக்காதீர்கள். போய்ப் பக்கத்தில் உட்காருங்கள்.

பிற்பாடு கொடுப்பதென்றால் எதைக் கொடுக்கக் கூடாது என்பதிலிருந்து தொடங்கலாம். சி.எஸ். லூயிஸ் 1940-ல் வேதனையின் பிரச்சினையைப் பற்றி ஒரு நூல் எழுதினார். தெளிவான, கெட்டிக்காரத்தனமான வாதம். தன் மனைவி ஜாய் 1960-ல் இறந்த பிறகு, அடுத்த ஆண்டே துயரத்தைப் பற்றிச் சின்னதாக இன்னொன்று எழுதினார், அதுவும் புனைபெயரில். இதில் வாதம் இல்லை. கடவுளின் கதவு முகத்தில் அறைந்து சாத்தப்பட்டது போன்ற புலம்பல் இருக்கிறது. முதல் நூல் துக்கம் இல்லாத நாளில் உட்கார்ந்து யோசிக்கிறவருக்கு. உங்கள் நண்பருக்கு இரண்டாவது. ஆங்கிலம் சிரமமென்றால் 88-ஆம் சங்கீதம் போதும். அது ஆறுதலில் முடிவதில்லை, இருளில் முடிகிறது. அப்படியும் ஜெபிக்கலாம் என்று தெரிவதே சிலருக்குப் பெரிய ஆறுதல்.

கேள்வி: அனுதின தியான நூல் ஒவ்வொரு வருஷமும் பிப்ரவரியில் நின்றுவிடுகிறது.

தேதியை விட்டுவிடுங்கள். ஆஸ்வால்ட் சேம்பர்ஸின் புகழ்பெற்ற தியான நூல் அவர் உட்கார்ந்து எழுதியதே இல்லை. அவர் 1917-ல் இறந்துபோனார். மனைவி தான் எடுத்திருந்த சுருக்கெழுத்துக் குறிப்புகளிலிருந்து 365 நாளுக்குத் தொகுத்தார். பிரசங்கத்தின் சாறு அது. ஒரு பக்கத்தை ஒரு வாரம் வைத்திருந்தாலும் தீராது. அதுவும் பாரமாக இருந்தால் சகோதரர் லாரன்ஸ். பதினேழாம் நூற்றாண்டில் ஒரு பிரெஞ்சு மடத்துச் சமையலறையில் வேலை செய்தவர். பாத்திரச் சத்தத்துக்கு நடுவே கடவுளோடு இருப்பதைப் பற்றிய அவருடைய பேச்சும் கடிதங்களும் ஒரு மாலைப்பொழுதில் முடிந்துவிடும்.

கேள்வி: சீர்திருத்த சபையைச் சேர்ந்தவள். கத்தோலிக்கத் துறவியின் நூலை வாசிக்கலாமா?

தாராளமாக. தாமஸ் கெம்பிஸின் ‘கிறிஸ்துவைப் பின்பற்றுதல்’ பதினைந்தாம் நூற்றாண்டு நூல், சீர்திருத்தத்தைத் தொடங்கிவைத்த லூத்தர் பிறப்பதற்கு முன்பே எழுதப்பட்டது. நாலாம் பகுதி முழுக்க நற்கருணை பற்றியது; சீர்திருத்த சபையார் பதிப்புகள் சிலவற்றில் அது இருக்காது. முழுப் பதிப்பையே வாங்குங்கள்.

கேள்வி: நாவல் வாசிப்பது வீண் என்கிறார் எங்கள் போதகர்.

தஸ்தயேவ்ஸ்கியின் ‘கரமசோவ் சகோதரர்கள்’ (1880) அவருக்கே பிடிக்கலாம். குழந்தைகள் படும் வேதனையைக் காட்டிக் கடவுளிடம் நுழைவுச்சீட்டைத் திருப்பித் தருகிறேன் என்கிறான் இவான். விசுவாசியான ஆசிரியர் தன் எதிராளிக்கு இவ்வளவு வலுவான வாதத்தைக் கொடுத்திருப்பதுதான் அதிசயம். தம்பி அலியோஷாவிடம் பதில் வாதம் இல்லை. அண்ணனுக்கு ஒரு முத்தம் கொடுக்கிறான். தடித்த புத்தகம், அவசரப்படாதீர்கள்.

கேள்வி: புதுப் புத்தகங்கள் குவிகின்றன. எது நல்லது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

அட்டையில் இருக்கும் சிரித்த முகத்தைப் பார்க்காதீர்கள். உள்ளே காட்டப்பட்டிருக்கும் வசனங்களில் மூன்றைத் தேர்ந்து, அந்தந்த அதிகாரத்தை முழுக்க வாசியுங்கள். எரேமியா 29:11 பெரும்பாலும் இருக்கும்: உங்களைக் குறித்து நான் நினைப்பது தீமைக்கல்ல, சமாதானத்துக்கே. சீக்கிரம் வேலை கிடைக்கும், வீடு கிடைக்கும் என்பதற்கு அதை ஆதாரமாகக் காட்டியிருந்தால் ஒரு வசனம் மேலே போங்கள். பாபிலோனுக்குச் சிறைபிடித்துக் கொண்டுபோகப்பட்டவர்களுக்கு எழுதிய கடிதம் அது. எழுபது வருஷம் கழித்துத் திரும்பி வருவீர்கள் என்கிறது பத்தாம் வசனம். அந்தப் பத்தாம் வசனத்தையும் சேர்த்து அச்சடித்திருக்கிற ஆசிரியர் என்றால் வாங்கலாம்.