பீட்டா பிளாக்கர் ஊசி போடும் முன் பாதத்தைத் தொட்டுப் பாருங்கள்

மாரடைப்போடு வந்தவருக்கு ரத்தக் குழாய் (சிரை) வழியாக, இதயத் துடிப்பையும் ரத்த அழுத்தத்தையும் குறைக்கும் மருந்தான பீட்டா பிளாக்கர் எழுதியிருக்கிறார்கள், செவிலியராக எதைக் கவனிப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். இதயத் தீவிர சிகிச்சைப் பிரிவில் பல ஆண்டுகள் இருந்தவள் நான். முதலில், அந்த இதயம் ஏன் வேகமாகத் துடிக்கிறது என்று பாருங்கள்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் மெட்டோப்ரோலால் என்ற பீட்டா பிளாக்கரை சிரிஞ்சில் ஏற்றிக்கொண்டு ஒரு பெரியவரின் கட்டிலருகே நின்றேன். நாடி 118, ரத்த அழுத்தத்தின் மேல் அளவு 104. மூத்த செவிலியர் போர்வையை விலக்கி, "காலைத் தொட்டுப் பார்த்தாயா?" என்றார். தொட்டேன். பாதம் ஈரத்துணிபோல் சில்லிட்டிருந்தது. ஸ்டெதஸ்கோப்பை முதுகின் அடிப்பகுதியில் வைத்தால் இருபுறமும் கரகரப்பு, நுரையீரலில் நீர் கோத்திருப்பதன் அடையாளம். ஒவ்வொரு துடிப்பிலும் போதிய ரத்தத்தைத் தள்ள முடியாத இதயம், துடிப்பைக் கூட்டி ஈடுகட்டிக்கொண்டிருந்தது. அந்த வேகத்தையும் நான் பறித்திருந்தால் அவர் தாங்கியிருக்க மாட்டார். மருத்துவரை அழைத்தோம், மருந்தை ரத்து செய்தார்.

சீனாவில் சுமார் 45,800 மாரடைப்பு நோயாளிகளிடம் நடத்தி 2005இல் வெளியிட்ட காமிட் ஆய்வும் இதையே காட்டியது. தொடக்கத்திலேயே இந்த ஊசி பெற்றவர்களில் மறு மாரடைப்பு ஆயிரத்துக்கு 5 பேர் வீதம் குறைந்தது. இதயம் போதிய ரத்தத்தைத் தள்ள முடியாமல் உடல் நிலைகுலையும் கார்டியோஜெனிக் ஷாக்கோ ஆயிரத்துக்கு 11 பேர் வீதம் கூடியது, அதுவும் பெரும்பாலும் முதல் நாளில். 70 வயதைத் தாண்டியவர், மேல் அழுத்தம் 120க்குக் கீழே இருப்பவர், நாடி 110க்கு மேல் ஓடுபவர் என்றால் மருத்துவரிடம் மறுபடி கேட்கத் தயங்காதீர்கள்.

ஆஸ்துமா இளைப்பு, ஹார்ட் பிளாக் (இதயத்தின் மின்தூண்டல் கீழே இறங்குவதில் தடை), ஈசிஜியில் 0.24 நொடியைத் தாண்டிய பிஆர் இடைவெளி (அந்தத் தூண்டல் மேலறையிலிருந்து கீழறைக்குப் போக எடுக்கும் நேரம்) இருந்தாலும் நிறுத்திக் கேளுங்கள். சற்று முன்னர், இதயத் துடிப்பைக் குறைக்கும் இன்னொரு மருந்தான வெரபாமில் ஊசி போட்டிருக்கிறார்களா என்று மருந்துப் பதிவேட்டில் கட்டாயம் பாருங்கள். இரண்டும் சேர்ந்தால் இதயம் நின்றே போகலாம்.

மெட்டோப்ரோலால் வழக்கமாக ஒரு தடவைக்கு 5 மில்லிகிராம். சுமார் 2 நிமிடம் எடுத்து மெதுவாகச் செலுத்துங்கள், கண் மானிட்டரில் இருக்கட்டும். 5 நிமிட இடைவெளியில் மொத்தம் 15 மில்லிகிராம் வரைதான். மாத்திரை அளவான 50 மில்லிகிராமை ஊசி அளவாக எண்ணிவிடாதீர்கள். ஒவ்வொரு தடவைக்கு முன்பும் நாடி, அழுத்தம், நுரையீரல் மூன்றையும் திரும்பப் பாருங்கள். தாங்குவாரா என்ற சந்தேகம் இருந்தால் சில மருத்துவர்கள் எஸ்மோலால் என்ற இன்னொரு பீட்டா பிளாக்கரை எடுப்பார்கள். அதன் அரை ஆயுள் (ரத்தத்தில் மருந்து பாதியாகக் குறையும் நேரம்) ஏறத்தாழ 9 நிமிடம், நிறுத்தினால் சீக்கிரம் விட்டுவிடும்.

ஊசிக்குப் பின் துடிப்பு மிகவும் குறைந்துவிட்டால் அதைத் தூக்கிவிட அட்ரோபின், குளுக்ககான் மருந்துகளும் இதயத்தைத் தூண்டும் பேஸ்மேக்கர் கருவியும் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும். குளுக்ககான் கொடுத்தால் வாந்தி வரலாம், நோயாளியை ஒருக்களித்துப் படுக்க வையுங்கள்.