நன்னடத்தைப் பிணையில் இருப்பவர் வெளியூர் வேலைக்குப் போகலாமா?

கேள்வி: அடிதடி வழக்கில் குற்றவாளி என்று தீர்ப்பான என் தம்பியை, சிறைக்கு அனுப்பாமல் இரண்டு வருட நன்னடத்தைப் பிணையில் விட்டார்கள். பெரம்பலூரில் எங்கள் வீட்டில்தான் வசிக்க வேண்டும் என்பது நிபந்தனை. இப்போது திருப்பூரில் வேலை கிடைத்திருக்கிறது. நன்னடத்தை அலுவலர் வாய்மொழியாகச் சரி என்றால் போதுமா? நிபந்தனையை மாற்றித் தருவதாக ஒருவர் எட்டாயிரம் ரூபாய் கேட்கிறார். ஜாமீன் நின்ற மாமாவுக்கு இதில் விருப்பமில்லை.

பதில்: போதாது. அலுவலர் கண்காணிப்பவர்தான், நிபந்தனை நீதிமன்றத்துடையது. அதை மாற்றும் அதிகாரம், 1958ஆம் ஆண்டின் குற்றவாளிகள் நன்னடத்தைச் சட்டம் 8ஆம் பிரிவின்படி நீதிமன்றத்துக்கே உண்டு. ஆனால் அந்தப் பிரிவு, மனுவை அலுவலர் போட வேண்டும் என்கிறது. பிழைப்புக்காக ஊர் மாறுகிறவன் தானே நேராகக் கேட்க வழி வைக்காமல், கோப்புகளுக்குள் மூழ்கிக் கிடக்கும் ஓர் அலுவலரைத் தேடி அலையவிடுவது என்ன நியாயமோ! வேலை உத்தரவின் நகலையும் திருப்பூரில் தங்கப்போகும் முகவரியையும் எழுத்தில் கொடுத்து, மனுப் போடச் சொல்லுங்கள். கொடுத்ததற்கு ஒப்புகை வாங்கிக்கொள்ளுங்கள்.

எட்டாயிரம் கேட்பவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள். இப்படிப்பட்டவர்கள் வெற்றுத்தாளில் கையெழுத்து வாங்குவார்கள்; இரண்டு நாளில் முத்திரை குத்திய தாள் ஒன்றை நீட்டுவார்கள். உற்றுப் பாருங்கள்: பெரும்பாலும் அது மனு வந்து சேர்ந்த தேதி முத்திரையாக இருக்கும். உத்தரவு என்றால் நடுவரின் கையெழுத்தும் வழக்கு எண்ணும் இருக்கும், சான்றிட்ட நகலும் கிடைக்கும். அந்த முத்திரையை நம்பி பஸ் ஏறினால் நிபந்தனையை மீறியதாகும். முதல் மீறலுக்கு ஐம்பது ரூபாய்க்கு மேற்படாத தண்டம் விதித்து விட்டுவிடலாம். 1958இல் வைத்த தொகை, இன்னும் யாரும் தொடவில்லை! தொகையைப் பார்த்துச் சிரிக்காதீர்கள். அதே நீதிமன்றம் பழைய அடிதடிக் குற்றத்துக்கே தண்டனை விதிக்கவும் முடியும்.

உங்கள் வழக்கில் சிக்கல் மாமாதான். மாற்றம் செய்யுமுன் உங்கள் தம்பியும் மாமாவும் தங்கள் தரப்பைச் சொல்ல நீதிமன்றம் வாய்ப்புத் தர வேண்டும். மாமா சம்மதிக்காவிட்டால் மனு தானாகத் தள்ளுபடியாகிவிடாது. புதிய பிணைப்பத்திரம் எழுதிக் கொடுக்கும்படி தம்பியிடம் நீதிமன்றம் கேட்கலாம். புதிய ஜாமீன்தாரரும் தேவைப்படலாம். எழுதிக் கொடுக்கத் தவறினால் சிறைத் தண்டனைக்கும் இடமுண்டு. எனவே அலுவலரைப் பார்க்கப் போகுமுன் மாமாவிடம் பேசுங்கள். அவர் மசியாவிட்டால் வேறொருவரைத் தயாராக வைத்துக்கொண்டு மனுப் போடச் சொல்லுங்கள்; உத்தரவு கைக்கு வரும்வரை தம்பி பெரம்பலூரிலேயே இருக்கட்டும்.