முதல் வாய் சோறு எப்போது? வாசகர் கேள்விகளுக்குக் குழந்தை நல மருத்துவரின் பதில்

சேலத்திலிருந்தும் ஏற்காட்டிலிருந்தும் வந்திருக்கும் கேள்விகளைப் படிக்கும்போது ஒன்று தெரிகிறது. எழுதுவது அம்மா, பக்கத்தில் நின்று எழுதச் சொல்வது பாட்டியோ மாமியாரோ. குழந்தையின் சாப்பாட்டில் வீடே அக்கறை காட்டுவது நல்லதுதான். ஆறு மாதம் முடியும்வரை தாய்ப்பால் மட்டும் போதும் என்பது இப்போது பலருக்கும் தெரிந்திருக்கிறது. ஆறு மாதம் முடிந்த பிறகு என்ன, எந்தப் பதத்தில் கொடுப்பது என்பதில்தான் அதிகம் சறுக்குகிறோம். அதனால் அதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

மகனுக்கு நாலு மாதம் முடிந்து பத்து நாள் ஆகிறது. ராத்திரி மூன்று தடவை எழுகிறான். நாங்கள் சாப்பிடும்போது எங்கள் வாயையே பார்க்கிறான். "பால் பத்தலை, கஞ்சி காய்ச்சிக் கொடு" என்கிறார் மாமியார். கொடுக்கலாமா? (அம்மாபேட்டை)

இப்போது வேண்டாம் அம்மா. நாலு மாதத்தில் தூக்கத்தின் போக்கே மாறும். எழுவதெல்லாம் பசியால் அல்ல. வாயைப் பார்ப்பதும் வேடிக்கைதான். நீங்கள் சாவிக்கொத்தை எடுத்தாலும் அதே ஆர்வத்தோடு பார்ப்பான். பால் போதுகிறதா என்று தெரிய இரண்டு விஷயங்களைக் கவனியுங்கள். ஒரு நாளில் ஆறு தடவைக்குக் குறையாமல் சிறுநீர் போகிறானா? தடுப்பூசி அட்டையில் இருக்கும் வளர்ச்சிக் கோட்டில் எடை ஏறிக்கொண்டே போகிறதா? இரண்டும் சரி என்றால் பால் போதுகிறது. எடை நின்றுவிட்டது என்றால் மட்டும் டாக்டரிடம் காட்டுங்கள். கஞ்சியை நீங்களாகத் தொடங்க வேண்டாம்.

உணவுக்குத் தயாரான குழந்தைக்குத் தலை ஆடாமல் நிற்கும். பிடித்து உட்கார வைத்தால் உட்காரும். கையில் கிடைத்ததை வாய்க்குக் கொண்டுபோகும். இன்னொன்று, நாக்கு. தயாராகாத குழந்தையின் கீழுதட்டில் மசித்த சோற்றை வைத்தால், நாக்கு முன்னால் வந்து அதை அப்படியே தாடைக்குத் தள்ளிவிடும். சோறு பிடிக்காததால் தள்ளுவதில்லை. தொண்டைக்குள் எதுவும் போய்விடாமல் உடம்பே வைத்திருக்கும் காவல் அது. நாலிலிருந்து ஆறு மாதத்துக்குள் அது மெல்ல மறையும். இந்த அடையாளங்கள் எல்லாம் பெரும்பாலும் ஆறு மாத வாக்கில்தான் ஒன்றுசேரும். உலக சுகாதார நிறுவனம் 180 நாள் என்று சொல்வதும் இதோடு பொருந்துகிறது. அதற்கு முன்னால் கஞ்சி கொடுத்தால் பால் குடிப்பது குறையும். தண்ணீரும் பாத்திரமும் வழியாக வயிற்றுப்போக்கு வரும்.

மாமியாரிடம் மறுத்துப் பேசுவதைவிட, "நாள் பார்த்தாச்சு அத்தை, முதல் வாய் நீங்கதான் ஊட்டணும்" என்று சொல்லுங்கள். அவருக்கும் மகிழ்ச்சியாக இருக்கும்.

எங்கள் ஊர் ஜவ்வரிசி ஊர். இங்கே எல்லார் வீட்டிலும் குழந்தைக்கு முதலில் ஜவ்வரிசிக் கஞ்சிதான். ஆறரை மாதத்துப் பேத்திக்கு மூன்று வேளையும் அதுதான் கொடுக்கிறோம். நன்றாகக் குடிக்கிறாள், எடை மட்டும் ஏறவில்லை. (ஆத்தூர்)

சேலம் ஜவ்வரிசிக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. சேகோ ஆலைகளை நம்பி வாழும் குடும்பங்கள் நம் மாவட்டத்தில் எத்தனையோ. ஆனால் மரவள்ளிக் கிழங்கை அரைத்து, பால் எடுத்து, மாவைப் படியவிட்டு, உருட்டி வறுக்கும்போது கையில் மிஞ்சுவது ஏறக்குறைய வெறும் மாவுச்சத்து. 100 கிராம் ஜவ்வரிசியில் ஒரு கிராம் புரதம்கூட இல்லை. பிறக்கும்போது குழந்தை சேர்த்துக் கொண்டுவந்த இரும்புச்சத்து தீரும் வயது இது. அந்த நேரத்தில் இரும்பும் புரதமும் இல்லாத உணவை மூன்று வேளை கொடுப்பதால்தான் வயிறு நிறைந்தும் எடை ஏறவில்லை.

அடுத்தது பதம். ஏழு கிலோ குழந்தையின் வயிறு ஒரு வேளைக்கு ஏறக்குறைய 200 மி.லி. தான் கொள்ளும். ஒரு டம்ளர் நீர்க்கஞ்சியில் இரண்டு டீஸ்பூன் அரிசிதான் இருக்கிறது என்றால், கிடைப்பது 35 கலோரி. தாய்ப்பால் போக இந்த வயதுக் குழந்தைக்கு உணவிலிருந்து நாளுக்குச் சுமார் 200 கலோரி வேண்டும். எத்தனை டம்ளர் குடித்தால் அது கிடைக்கும் என்று நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள்.

அதனால் இரண்டு பங்கு அரிசிக்கு ஒரு பங்கு பாசிப்பருப்பு போட்டுக் குழைய வேகவைத்து, மத்தால் மசித்து, ஒரு டீஸ்பூன் நெய்யோ நல்லெண்ணெயோ விடுங்கள். அந்த ஒரு ஸ்பூன் நெய்யிலேயே 45 கலோரி இருக்கிறது. மசித்ததை ஸ்பூனில் எடுத்துச் சாய்த்துப் பாருங்கள். தண்ணீராக ஓடிவிடக் கூடாது. ஸ்பூனை விட மனசில்லாமல் மெல்ல நழுவ வேண்டும். முதலில் இரண்டு மூன்று ஸ்பூன் போதும். பிறகு மெதுவாக ஏற்றி, ஒரு வேளைக்கு அரை கப்புக்குக் கொண்டுவரலாம். எட்டு மாதம் வரை நாளுக்கு இரண்டு மூன்று வேளை, ஒன்பது மாதத்திலிருந்து மூன்று நாலு வேளை. தாய்ப்பால் கூடவே போகட்டும். ஜவ்வரிசியை அடியோடு நிறுத்தச் சொல்லவில்லை. எப்போதாவது பருப்போடோ காய்கறியோடோ சேர்த்துக் கொடுக்கலாம், அதையே சாப்பாடாக்க வேண்டாம். பேத்தியின் எடையை மட்டும் இந்த வாரமே ஒரு முறை பார்த்துவிடுங்கள்.

ஏற்காட்டில் இருக்கிறோம். எவ்வளவு நேரம் கொதிக்கவைத்தாலும் பருப்பு குழையவே மாட்டேன் என்கிறது. கேழ்வரகு மட்டும் கொடுத்தால் போதுமா? (நாகலூர்)

குறை உங்கள் கைப்பக்குவத்தில் இல்லை. ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே தண்ணீர் 95 டிகிரிக்கே கொதித்துவிடும். அதற்கு மேல் எவ்வளவு எரித்தாலும் திறந்த பாத்திரத்தில் சூடு ஏறாது. பருப்பை ஊறவைத்துக் குக்கரில் போடுங்கள். நீராவி அழுத்தத்தில் வெப்பம் 100-ஐத் தாண்டும், இரண்டு விசில் கூடுதலாக விட்டால் குழைந்துவிடும். பழைய பருப்பும் உப்புத் தண்ணீரும்கூட வேகவிடாமல் செய்யும்.

கேழ்வரகு நல்ல தொடக்கம். 100 கிராமில் 300 மி.கி.க்கு மேல் கால்சியம் இருக்கிறது. முளைகட்டிக் காயவைத்து, லேசாக வறுத்து அரைத்த மாவாக இருந்தால் இன்னும் நல்லது. முளைக்கும்போது தானியத்துக்குள் உண்டாகும் நொதி, கூழைத் தானாகவே இளக்கிவிடும். அதனால் தண்ணீர் கூட்டாமல் மாவைக் கூட்டலாம். குழந்தைக்கு விழுங்க எளிது, சத்தும் அதிகம். இரும்பை உடம்பு எடுத்துக்கொள்வதும் கூடும். சாப்பாட்டோடு ஏற்காட்டு ஆரஞ்சுச் சுளை ஒன்றிரண்டை விதை நீக்கிப் பிழிந்து கொடுத்தால் அதற்கும் உதவும். ஆனாலும் கேழ்வரகு மட்டும் போதாது. பருப்பு, முட்டை, கீரை எல்லாம் மாறி மாறி வரட்டும்.

ஒன்றை மட்டும் கேட்டுக்கொள்கிறேன். தோட்டத்து வீடுகளில் பிஸ்கட்டை டீயில் நனைத்துக் குழந்தைக்கு ஊட்டும் பழக்கம் இருக்கிறது. அதை விட்டுவிடுங்கள். டீயில் இருக்கும் துவர்ப்பு, இரும்பை உடம்பில் சேரவிடாது.

மலைத்தேன் சுத்தமானது, குழந்தையின் நாக்கில் தடவலாம் என்கிறார்கள். வசம்பும் உரசிக் கொடுக்கிறார்கள். (வாழப்பாடி)

ஒரு வயது முடியும்வரை தேன் ஒரு துளிகூடக் கூடாது. எவ்வளவு சுத்தமான தேனிலும் க்ளோஸ்ட்ரிடியம் பொட்டுலினம் என்ற கிருமியின் வித்துகள் இருக்கலாம். பச்சிளம் குடலில் அவை முளைத்து நச்சைச் சுரந்தால் கை கால் தளர்ந்து, மூச்சே நின்றுபோகும் அளவுக்குப் போகலாம். வீட்டு அடுப்பில் காய்ச்சினாலும் அந்த வித்துகள் சாகாது. வசம்பும் வாய்வழியே வேண்டாம். உப்பு, சர்க்கரை, கருப்பட்டி எதையும் ஒரு வயதுவரை சேர்க்க அவசியமில்லை. சப்பென்று இருப்பது நம் நாக்குக்குத்தான், குழந்தைக்கு இல்லை.

முட்டை, மீன், வேர்க்கடலை எல்லாம் ஒரு வயசுக்கு மேலேதான், இல்லாவிட்டால் அலர்ஜி வரும் என்கிறார் எங்கள் அம்மிச்சி. (சங்ககிரி)

முன்பு டாக்டர்களே அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தார்கள், அம்மிச்சியைக் குறை சொல்ல முடியாது. 2015-ல் வெளியான லண்டன் லீப் ஆய்வு அந்த எண்ணத்தைப் புரட்டிப்போட்டது. கடுமையான கரப்பானோ முட்டை அலர்ஜியோ இருந்த குழந்தைகளில், முதல் வயதிலேயே வேர்க்கடலை உணவு கொடுக்கத் தொடங்கியவர்களுக்குப் பிறகு வேர்க்கடலை அலர்ஜி வந்தது மிகவும் குறைவு. ஆறு மாதத்திலேயே நன்கு வெந்த முட்டையும், முள் நீக்கிய மீனும் மசித்துக் கொடுக்கலாம். கடலையை நைஸாக அரைத்துக் கூழில் கலந்துதான் கொடுக்க வேண்டும். முழுக் கடலை புரையேறும். ஐந்து வயதுவரை கையில் கொடுக்காதீர்கள். புதிய உணவைப் பகலில், கொஞ்சமாக, ஒரு நேரத்தில் ஒன்றாகத் தொடங்குங்கள். கரப்பான் அதிகம் உள்ள குழந்தை என்றால் முதலில் டாக்டரிடம் பேசிவிடுங்கள்.

தனியார் கம்பெனியில் வேலை. 26 வார விடுப்பில் எட்டு வாரம் பிரசவத்துக்கு முன்பே போய்விட்டது. குழந்தைக்கு நாலு மாதம் ஆகும்போது திரும்பப் போக வேண்டும். அதற்குள் சாப்பாடு பழக்கிவிடட்டுமா? (ஐந்து ரோடு)

விடுப்பு முடிவது குழந்தையின் வயிற்றுக்குத் தெரியாது அம்மா. பாலைப் பீய்ச்சி வைத்துவிட்டுப் போங்கள். 25 டிகிரிக்குள் இருக்கும் அறையில் நாலு மணி நேரம், ஃப்ரிட்ஜில் நாலு நாள் தாங்கும். சேலத்துச் சித்திரை வெயிலில் நம் வீடுகளில் 25 டிகிரி எங்கே இருக்கிறது? எடுத்தவுடன் ஃப்ரிட்ஜில் வைத்துவிடுங்கள். கொடுக்கும்போது வெந்நீரில் பாத்திரத்தை வைத்துச் சூடாக்கி, பாலாடையில் புகட்டச் சொல்லுங்கள். புட்டி வேண்டாம். குழந்தைக்கு 15 மாதம் ஆகும்வரை வேலை நேரத்தில் பாலூட்ட இரண்டு இடைவேளை சட்டப்படி உங்களுக்கு உண்டு. தயங்காமல் கேளுங்கள். பால் பீய்ச்சவும் அந்த நேரம் உதவும்.

மாம்பழம் சீசன். ஏழு மாதக் குழந்தைக்கு மல்கோவா கொடுக்கலாமா, சூடு பிடிக்குமா? (செவ்வாய்ப்பேட்டை)

தாராளமாகக் கொடுங்கள். நன்றாகக் கழுவி, காம்புப் பக்கத்தை வெட்டி எறிந்துவிட்டு மசியுங்கள். அங்கே வடியும் பால் வாயைச் சுற்றிப் புண்ணாக்கும். கல் வைத்துப் பழுக்கவைத்த பழம் மட்டும் வேண்டாம்.

எட்டு மாதம். இரண்டு வாய் போனதும் ஓங்கரிக்கிறாள். பயந்து திரும்பவும் மிக்ஸியில் அடித்தே கொடுக்கிறேன். (மேட்டூர்)

ஓங்கரிப்பதும் புரையேறி அடைப்பதும் வேறு வேறு. முகம் சிவந்து, சத்தத்தோடு இருமி வெளியே தள்ளினால் அது பழகும் வழிதான். பக்கத்தில் அமைதியாக இருங்கள். சத்தமே வராமல், மூச்சு விட முடியாமல், உதடு நீலமானால் அதுதான் ஆபத்து. உடனே முன்கையில் குப்புறக் கிடத்தி, தலையைத் தாழ்த்தி, தோள்பட்டைகளுக்கு நடுவே உள்ளங்கையால் ஐந்து முறை தட்டுங்கள், 108-ஐ அழையுங்கள். எட்டு மாதத்தில் மிக்ஸி வேண்டாம். கையால் மசித்தது, சிறு சிறு கட்டியோடு போகட்டும். இப்போது பழகாவிட்டால் பின்னால் மெல்லவே மறுப்பாள்.

34 வாரத்தில் பிறந்தவன், இப்போது ஏழு மாதம். ஏற்கெனவே தாமதமாகிவிட்டதா? (ஓமலூர்)

இல்லை. ஆறு வாரம் முன்னதாகப் பிறந்திருக்கிறான். அதைக் கழித்தால் அவன் வயது ஐந்தரை மாதம். தலையும் இடுப்பும் நின்றதும் தொடங்குங்கள். அநேகமாக இன்னும் சில நாளில் தயாராகிவிடுவான். ஆனால் குறை மாதக் குழந்தைக்கு இரும்புச்சத்துச் சொட்டு மருந்தை முதல் மாதங்களிலேயே கொடுக்க வேண்டும். இதுவரை யாரும் எழுதித் தரவில்லை என்றால், அடுத்த தடுப்பூசிக்குக் காத்திருக்காமல் நாளையே போய்க் கேளுங்கள்.