மனையின் மண், நிலத்தடி நீர், நிலநடுக்கம்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

கேள்வி: திருவான்மியூரில் கடற்கரைக்கு அருகே உள்ள பழைய வீட்டை இடித்துவிட்டு, கீழே வாகன நிறுத்தமும் மேலே நான்கு மாடிகளும் கட்டவிருக்கிறோம். மே மாதம் எடுத்த மண் பரிசோதனை அறிக்கையில் நீர்மட்டம் 4.5 மீட்டர் ஆழத்தில் உள்ளது என்றும், மண் திரவமாகும் அபாயம் இல்லை என்றும் எழுதியிருக்கிறார்கள். அப்படியே ஏற்கலாமா?

பதில்: கணக்கில் எந்த நீர்மட்டத்தை எடுத்துக்கொண்டார்கள் என்று முதலில் கேளுங்கள். நீர் நிறைந்த தளர்வான மணல் நிலநடுக்கத்தில் குலுங்கும்போது அதன் துகள்கள் நெருங்கி அமர முயல்கின்றன. இடையிலுள்ள நீர் உடனே வெளியேற முடியாததால் நீரழுத்தம் ஏறி, துகள்களுக்கிடையிலான பிடிப்பு தளர்ந்து, மணல் கூழைப் போல இளகிவிடுகிறது. நீர்மட்டத்துக்கு மேலே உள்ள மணலுக்கு இந்த ஆபத்து இல்லை. எனவே மே மாத நீர்மட்டத்தை வைத்துப் பார்த்தால், 4 மீட்டர் ஆழத்து மணல் கணக்கிலேயே சேராது. வடகிழக்குப் பருவமழைக்குப் பின் நீர் 1 மீட்டர் ஆழத்துக்கு ஏறிவிட்டால் நிலைமை வேறு: அதே 4 மீட்டரில் மேல்மண்ணின் மொத்த அழுத்தம் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 75 கிலோநியூட்டன், அதில் 29-ஐ நீரே தாங்கிக்கொள்வதால் துகள்களிடையே 46 மட்டுமே எஞ்சுகிறது. நிலநடுக்கம் மண்ணுக்குத் தரும் சுமையைக் கணக்கிடும்போது 75-ஐ 46-ஆல் வகுத்து வரும் 1.6 மடங்கு அதில் பெருக்கலாகச் சேரும். ஆகையால், அக்கம்பக்கத்துக் கிணறுகளில் மழைக்காலத்தில் நீர் எதுவரை ஏறுகிறது என்று விசாரித்து, அந்த அளவை வைத்து மறுபடி கணக்கிடச் சொல்லுங்கள்.

அடுத்து, மண்ணின் இறுக்கத்தைக் காட்டும் 'என்' (N) மதிப்புகளைப் பாருங்கள். 63.5 கிலோ சுத்தியல் 75 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து விழ, மாதிரிக்குழாய் மண்ணில் 30 சென்டிமீட்டர் இறங்க எத்தனை முறை அடிக்க வேண்டியிருக்கிறது என்பதே அந்த மதிப்பு. சென்னையை மூன்றாம் நில அதிர்வு மண்டலத்தில் சேர்த்த ஐ.எஸ். 1893 என்ற நிலநடுக்கப் பாதுகாப்புக்கான இந்திய விதித்தொகுப்பின் 2002-ஆம் ஆண்டுப் பதிப்பு, இம்மண்டலத்தில் திருத்தப்பட்ட 'என்' மதிப்பு 5 மீட்டர் ஆழம் வரை 15-ஆகவும், 10 மீட்டரிலும் அதற்குக் கீழும் 25-ஆகவும் இருப்பது விரும்பத்தக்கது என்றது. துளைக்குள் இருக்கும் நீரை வெளியிலுள்ள நிலத்தடி நீர்மட்டத்துக்குக் கீழே இறங்க விட்டால், அடியிலிருந்து மணல் பொங்கி ஏறி, நல்ல மண்ணும் தளர்ந்த மண்ணாகப் பதிவாகும். துளையிடும் நாளில் உங்கள் பொறியாளர் கட்டாயம் உடனிருக்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

கேள்வி: பக்கத்து வீட்டுக்காரர் போர்வெல் போட்டபோது வந்த மண்ணைப் பார்த்தே முடிவு செய்ய முடியாதா?

பதில்: முடியாது. போர்வெல் மண், என்ன வகை மண் என்பதைத் தோராயமாகக் காட்டும். அது எவ்வளவு இறுக்கமாக இருக்கிறது என்பதைக் காட்டாது.

கேள்வி: எங்கள் மனை பெரும்பாக்கத்தில், களிமண் நிலத்தில் இருக்கிறது. எங்களுக்கும் இந்தக் கவலை உண்டா?

பதில்: பசைத்தன்மை மிகுந்த களிமண் இவ்வாறு திரவமாவதில்லை. உங்கள் முதன்மைக் கவலை, ஆண்டுக்கணக்கில் மெல்ல அமிழ்வதும், கோடையில் சுருங்கி மழையில் உப்புவதும்தான். ஆனால் களிமண்ணுக்கு இடையே மணல் அடுக்குகளோ பசையற்ற வண்டலோ இருக்கலாம் என்பதால், ஒவ்வொரு அடுக்கிலும் மாதிரி எடுத்து நீர்ம வரம்பையும் (மண் குழம்பாக ஓடத் தொடங்கும் ஈரப்பத அளவு) பிளாஸ்டிக் வரம்பையும் (உருட்டினால் உதிராமல் பிசையத்தக்கதாக இருக்கும் குறைந்தபட்ச ஈரப்பத அளவு) சோதிக்க வேண்டும். மனையை மேடாக்கக் கொட்டிய மண் எங்கிருந்து வந்தது, எப்படி இறுக்கப்பட்டது என்பதையும் தயங்காமல் விசாரியுங்கள்; அறிக்கைகள் பெரும்பாலும் இதைப் பற்றி ஒரு வரியோடு நிறுத்திக்கொள்கின்றன.

கேள்வி: மழைநீர் சேகரிப்புத் தொட்டியால் நீர்மட்டம் ஏறி ஆபத்து கூடுமா?

பதில்: அந்த அச்சத்தால் தொட்டியை மூடிவிடாதீர்கள். கடலோரத்தில் உப்புநீர் உட்புகுவது அன்றாட ஆபத்து; தொட்டி வழியே நிலத்தில் இறங்கும் மழைநீர் அதைத் தடுக்க உதவுகிறது. உயர்ந்த நீர்மட்டத்தையே வைத்து அடித்தளத்தை வடிவமைத்துவிட்டால், தொட்டியால் புதிதாக வரும் சிக்கல் ஏதும் இல்லை.

கேள்வி: பைல் அடித்தளம் (நிலத்துள் ஆழமாக இறக்கும் கான்கிரீட் தூண்கள்) போட்டுவிட்டால் பயமில்லை என்கிறார் ஒப்பந்ததாரர். சரிதானா?

பதில்: பைல் எங்கே போய் நிற்கிறது என்பதைப் பொறுத்தது. 2001 ஜனவரி 26 அன்று நிகழ்ந்த பூஜ் நிலநடுக்கத்தில், கண்ட்லா துறைமுகத்தின் அலுவலகக் கோபுரக் கட்டடம் பைல்களின் மேல் நின்றும் ஒருபக்கம் சாய்ந்தது. அங்கே மேலே களிமண், அதன் கீழே மணல். பைல்களின் நுனி அந்த மணல் அடுக்குக்குள்ளேயே முடிந்திருந்தது. திரவமாகும் அடுக்கை முழுவதும் கடந்து, உறுதியான மண்ணிலோ பாறையிலோ போதிய ஆழம் பைல் இறங்க வேண்டும். இடையிலுள்ள மண் பிடிமானத்தை இழக்கும் என்று கொண்டு, அந்த நீளத்தில் பைல் வளைந்து முறியாதபடி கம்பியும் குறுக்களவும் கணக்கிடப்பட வேண்டும். உங்களுடையது இரண்டு மாடி வீடாகவும், தளர்ந்த மணல் சில மீட்டர் ஆழத்துக்கு மட்டுமாகவும் இருந்தால், அதை இறுக்கிவிட்டு ராஃப்ட் அடித்தளம் (கட்டடம் முழுவதற்கும் அடியில் ஒரே கான்கிரீட் தளம்) போடுவது மலிவாகவே முடியலாம். இரண்டுக்கும் மதிப்பீடு வாங்கி ஒப்பிட்டுப் பார்த்த பின்பு ஒப்பந்ததாரருக்குப் பதில் சொல்லுங்கள்.