ராத்திரி 11 மணிக்குத் தெருவில் பைக் ரேஸ்: புகாரில் எதை எழுதுவது?

கேள்வி: தாம்பரம் பக்கத்தில் எங்கள் நகரில் நேராகப் போகும் 40 அடிச் சாலை ஒன்று இருக்கிறது. சனி, ஞாயிறு இரவு 11 மணிக்கு மேல் நாலைந்து பைக்குகள் சைலன்சரை மாற்றிக்கொண்டு வந்து ரேஸ் விடுகின்றன. வீலிங் வேறு. 100-க்குப் போன் செய்தால், ரோந்து வண்டி வருவதற்குள் கலைந்துவிடுகிறார்கள். நாமே ஒரு வேகத்தடை போட்டுவிடலாம் என்கிறார்கள் நலச்சங்கத்தில். போடலாமா?

பதில்: வேகத்தடைக்குக் கடைசியில் வருகிறேன். அதுவரை சிமென்ட் மூட்டையைப் பிரிக்காதீர்கள்.

உங்கள் புகார் எங்கே சறுக்குகிறது என்று பாருங்கள். நீங்கள் வேகத்தைப் பற்றிச் சொல்கிறீர்கள். வேகம் அந்த நிமிடத்தோடு போய்விடுகிறது. போலீஸ் வரும்போது தெருவில் நாய்கள்தான் இருக்கும். ஆனால் சைலன்சர் வண்டியிலேயே மாட்டியிருக்கிறது. மறுநாள் பகலில் டீக்கடை வாசலில் நிற்கும்போதும் அதே சைலன்சர்தான். அதனால் புகாரை அதிலிருந்து தொடங்குங்கள்.

மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவின்படி, கம்பெனி கொடுத்த வடிவத்தை உரிமையாளர் இஷ்டத்துக்கு மாற்றக் கூடாது. மாற்றினால், 182ஏ(4) பிரிவில் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். ஒலி மாசுக்கு 190(2) தனியாக இருக்கிறது: 10,000 ரூபாய் வரை அபராதம், 3 மாதம் வரை சிறை. அதோடு 3 மாதத்துக்கு லைசென்ஸும் போகும். பையன்களுக்கு அபராதத்தைவிட இதுதான் உறைக்கும். ரேஸ் விட்டதற்கு 189, ஆபத்தாக ஓட்டியதற்கு 184 இருக்கின்றன. அவற்றையும் எழுதுங்கள், ஆனால் அவற்றுக்கு வீடியோ வேண்டும்.

வீடியோவில்தான் பெரும்பாலோர் கோட்டை விடுகிறார்கள். மாடியிலிருந்து எடுப்பார்கள், ஹெட்லைட் வெளிச்சத்தில் நம்பர் பிளேட் வெள்ளையாகக் கரைந்துபோயிருக்கும். வண்டி வேகம் குறைகிற இடம் எது? தெருமுனைத் திருப்பம். அங்கே இருக்கும் வீட்டு சிசிடிவி கேமராவை, வண்டியின் பின்பக்கம் தெரிகிற மாதிரி திருப்பி வையுங்கள். பின் நம்பர் பிளேட் கிடைத்துவிடும். மொபைல் ஆப்பில் டெசிபல் அளந்து இணைக்கிற வேலை வேண்டாம், அது ஆதாரமாக நிற்காது. குறுக்கே போய் நின்று மறிப்பது, சாவியைப் பிடுங்குவது கூடவே கூடாது. அப்புறம் வழக்கு உங்கள் மேல் திரும்பும்.

மூன்று வாரம் குறித்துவைத்தால் போதும். புகாரில் இப்படி எழுதுங்கள்: "இந்தத் தேதி இரவு 11.20 மணிக்கு, இந்த எண் கொண்ட வண்டி, சைலன்சர் மாற்றப்பட்ட நிலையில், எங்கள் தெருவில் நான்கு முறை போய் வந்தது. பின்னால் உட்கார்ந்தவர் ஹெல்மெட் அணியவில்லை." இவ்வளவுதான். "சமூக விரோதிகள் அட்டகாசம்" என்று எழுதினால் படிக்கிற அதிகாரிக்குப் பிடித்துக்கொள்ள ஒன்றும் இருக்காது. ஒரு பிரதி காவல் நிலையத்துக்கு, ஒன்று போக்குவரத்துப் பிரிவுக்கு, ஒன்று ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்கு. ஸ்டேஷனில் சி.எஸ்.ஆர். ரசீது (புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான அத்தாட்சி) வாங்காமல் வெளியே வராதீர்கள். அடுத்த முறை போன் செய்யும்போது அந்த ரசீது எண்ணைச் சொன்னால் பேச்சின் தொனியே மாறும்.

ஓட்டுகிறவர்களில் ஒருவனாவது உங்கள் தெருப் பையனாக இருப்பான். அவன் 18 வயதுக்குக் கீழே என்றால், புகாருக்கு முன்னால் அவன் அப்பாவிடம் இரண்டு பேர் போய் உட்கார்ந்து பேசுங்கள். மிரட்ட வேண்டாம். 2019 திருத்தத்தில் வந்த 199ஏ பிரிவை மட்டும் சொல்லுங்கள்: பெற்றோருக்கோ வண்டி உரிமையாளருக்கோ 3 ஆண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம், வண்டியின் பதிவு 12 மாதத்துக்கு ரத்து, பையனுக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடையாது. என் அனுபவத்தில் கடைசி வரியைக் கேட்டதும்தான் வண்டிச் சாவி அப்பாவின் சட்டைப் பைக்குப் போகிறது.

சரி, வேகத்தடை. எனக்குத் தெரிந்த ஒரு நகரில் வீடு கட்டி மிச்சமான கலவையைக் கொட்டி ஒன்று போட்டார்கள். முக்கால் அடி உயரம், பெயின்ட் கிடையாது. ரேஸ் பையன்கள் ஓரத்தில் வளைத்துப் போய்விட்டார்கள். விடியற்காலை பால் பாக்கெட் போட வந்தவர் விழுந்து தோளெலும்பு முறிந்தது. சங்கச் செயலாளர்தான் ஸ்டேஷன் வாசலில் நின்றார். சாலைகளுக்குத் தர அளவுகளை வகுக்கும் இந்தியச் சாலைக் காங்கிரஸ் அமைப்பின் அளவுப்படி வேகத்தடையின் உயரம் 10 சென்டிமீட்டர், வண்டி போகும் திசையில் அகலம் 3.7 மீட்டர், 25 கிலோமீட்டர் வேகத்தில் ஏறி இறங்க முடியும். முன்கூட்டியே எச்சரிக்கைப் பலகையும், மேலே வெள்ளைக் கோடும் வேண்டும். சாலை யாருடையதோ அவர்களிடம் எழுதிக் கேளுங்கள், புகார் நகலையும் சேர்த்து.

இன்னொன்று. சத்தத்துக்காகவே வருகிறவன் தடைக்கு முன் பிரேக் பிடிப்பான், தாண்டியதும் கூடுதலாக ஒரு முறுக்கு முறுக்குவான். அந்த முறுக்கு யார் வீட்டு ஜன்னலுக்கு நேராக விழும் என்று பார்த்து, அவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு இடத்தைக் குறித்துக் கொடுங்கள்.