நீடித்த வெளியீட்டுக் குளிசையை இடித்துக் கொடுக்கலாமா?

கேள்வி: என் தாயாருக்கு 71 வயது. முழங்கால் மூட்டுத் தேய்வுக்கு 100 மில்லிகிராம் டைக்குளோபினாக் (வலிநிவாரணி) நீடித்த வெளியீட்டுக் குளிசை தந்துள்ளார்கள். விழுங்கச் சிரமப்படுவதால் இடித்துக் கஞ்சியில் கலந்து கொடுக்கிறோம். மாற்றியமைத்த பல்சக்கரைட்டில் (வெல்ல மூலக்கூறுகள் பல தொடராக இணைந்த பொருளில்) செய்த குளிசை என்பதால் வயிற்றுக்குத் தீங்கில்லை என்கிறார்களே, உண்மையா? (வாசகர், கொக்குவில்)

பதில்: முதலில், இடிப்பதை இன்றே நிறுத்துங்கள். இவ்வகைக் குளிசைகள் பலவற்றில் மருந்தைத் தாங்கி நிற்பது ஹைப்ரோமெலோசு. தாவரச் செலுலோசு என்ற பல்சக்கரைட்டின் ஐதரொட்சில் கூட்டங்கள் (ஒட்சிசனும் ஐதரசனும் இணைந்த பகுதிகள்) சிலவற்றை மாற்றி இதனை ஆக்குகிறார்கள். நீர் பட்டதும் ஊறிய கசகசாவைப் போலக் குளிசையைச் சுற்றிக் கூழ்ப்படலம் உண்டாகி, அதனூடாக மருந்து பல மணித்தியாலங்களில் சிறிது சிறிதாகக் கசிகிறது. இடித்தால் அந்த அமைப்பே சிதைந்து, நாள் முழுவதற்கும் உரிய மருந்து குறுகிய நேரத்தில் குருதியில் சேர்ந்துவிடும்.

வயிற்றைப் பற்றி நீங்கள் கேள்விப்பட்டதில் பாதிதான் உண்மை. செலுலோசை மாற்றி ஆக்கும் செலுலோசு அசற்றேற்று தலேற்று போன்ற உறைகள் இரைப்பை அமிலத்தில் கரையாமல் சிறுகுடலில் கரைவதால், மருந்து இரைப்பைச் சுவரை நேரடியாக உறுத்துவது குறைகிறது. ஆயினும் புண் உண்டாவதற்கு முக்கிய காரணம் வேறு. குருதியில் கலந்த டைக்குளோபினாக், இரைப்பைச் சுவரைக் காக்கும் புரொஸ்டாகிளாண்டின்கள் உருவாவதைத் தடுக்கிறது. மூட்டு வலி தணிவதும் இதே செயலால்தான். எனவே எந்த உறையாலும் இந்த ஆபத்தை முற்றாக நீக்க முடியாது. ஊசியாக ஏற்றினாலும் அது உண்டு.

பழங்களில் உள்ள பெக்ரின், கொத்தவரை விதையிலிருந்து எடுக்கும் குவார் பசை ஆகிய பல்சக்கரைட்டுகளை மாற்றியமைத்து, மருந்தைப் பெருங்குடல்வரை கொண்டுசெல்லும் ஆய்வுகளும் நடைபெறுகின்றன. நமது சமிபாட்டு நொதியங்களால் உடையாத இவற்றைப் பெருங்குடல் பற்றீரியாக்கள் உடைப்பதால், மருந்து அங்கேயே வெளிவருகிறது. பெருங்குடல் அழற்சியால் வருந்துவோருக்கு இது மிகுந்த நம்பிக்கை தரும் வழி என்பது என் கருத்து. முழங்காலுக்கு இதனால் பயனில்லை.

விழுங்கும் சிரமத்தை வைத்தியரிடம் கட்டாயம் கூறுங்கள். இந்த வயதில் அதையே தனியாகப் பரிசோதிக்க வேண்டும். முழங்காலில் பூசும் டைக்குளோபினாக் ஜெல் குருதியில் மிகக் குறைவாகவே சேர்வதால், அது தாயாருக்குப் பொருந்துமா என்று கேளுங்கள். குளிசைதான் தேவையெனில், இரைப்பை அமிலத்தைக் குறைக்கும் ஒமேபிரசோல் சேர்ப்பதா என்பதை அவர் தீர்மானிப்பார். தாயார் அஸ்பிரினோ, லொசார்ட்டன் போன்ற பிரஷர் குளிசையோ எடுப்பவராயின் அதையும் மறவாது சொல்லுங்கள். முன்னையதோடு குருதிக்கசிவும் பின்னையதோடு சிறுநீரகப் பாதிப்பும் ஏற்படும் வாய்ப்பு அதிகம். மலம் கறுத்து ஒட்டும் தன்மையுடன் போனாலோ, வாந்தியில் இரத்தம் தெரிந்தாலோ, கிளினிக் நாள்வரை காத்திராமல் உடனே யாழ் போதனா வைத்தியசாலைக்கு அழைத்துச் செல்லுங்கள்.