உண்ணிச்செடியைப் பூச்சி விட்டு அழிக்க முடியுமா?

தாளவாடிப் பக்கமிருந்து ஒரு விவசாயி கேட்டிருக்கிறார். காட்டை ஒட்டிய 3 ஏக்கரில் உண்ணிச்செடி அடர்ந்துவிட்டது, வெட்டினாலும் தழைக்கிறது, எரித்தாலும் தழைக்கிறது. கோடையில் ஓர் இடத்தில் மட்டும் இலையெல்லாம் வெளிறிக் காய்ந்து கிடந்ததாம், திருப்பிப் பார்த்தால் அடியில் பொடிப்பொடியாகப் பூச்சி. "அதைப் பிடித்து வந்து என் நிலத்தில் விடலாமா? இல்லை, செடிக்கு நோய் வரவைக்கும் பூஞ்சை ஏதாவது வாங்கித் தெளிக்கலாமா? பக்கத்தில் எள் போட்டிருக்கிறேன்" என்கிறார்.

கடைசி வரியை நீங்கள் எழுதியது ரொம்ப நல்லதாகப் போயிற்று. அந்தப் பூச்சியை விடாதீர்கள்.

நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால் அது பெரும்பாலும் டெலியோனீமியா என்ற சாறு உறிஞ்சும் பூச்சி. உண்ணிச்செடியை ஒழிக்கவென்றே 1941இல் ஆஸ்திரேலியாவிலிருந்து டேராடூனுக்குக் கொண்டு வந்தார்கள். அடைத்து வைத்துச் சோதித்தபோது அது தேக்கையும் தாக்குவது தெரிந்ததால், வெளியே விட வேண்டாம் என்று அழிக்கச் சொல்லிவிட்டார்கள். ஆனால் எப்படியோ தப்பி, இன்று நாடு முழுக்கப் பரவியிருக்கிறது. உகாண்டாவில் 1960களில் இதே பூச்சி உண்ணிப் புதரிலிருந்து பக்கத்து எள் வயலில் இறங்கியது. எள்ளை வைத்துக்கொண்டு நீங்களே கையால் கொண்டு வந்து விடுவது வேண்டாத வேலை. அப்படியே விட்டாலும் பலன் குறைவுதான்: கோடையில் இலையைக் கொட்ட வைக்கும், மழை பெய்ததும் செடி மறுபடி துளிர்த்துவிடும், வேரை அது தொடுவதே இல்லை.

பூச்சியால் ஒரு செடியை அடக்கவே முடியாதா என்றால், முடியும், நம் ஊரிலேயே முடிந்திருக்கிறது. சிவப்புச் சாயம் எடுக்கலாம் என்று 1795இல் பிரேசிலிலிருந்து கல்கத்தாவுக்கு ஒரு கொச்சினீல் பூச்சியைக் கொண்டு வந்தார்கள். சப்பாத்திக்கள்ளியின் மேல் வெள்ளைப் பஞ்சு அப்பியது போல உட்கார்ந்திருக்குமே, அந்த வகை. வந்தது சாயத்துக்கான பூச்சி இல்லை, அதன் பங்காளி. சாயம் தேறவில்லை, ஆனால் அது ஒருவகைக் கள்ளியைத் தின்றே தீர்த்தது. அதைப் பார்த்து 1830களில் தென்னிந்தியாவுக்கும் பிறகு இலங்கைக்கும் வேண்டுமென்றே கொண்டு போனார்கள். ஆனால் இன்னொரு வகைக் கள்ளியை அது சீண்டவே இல்லை, அது பாட்டுக்குப் பெருகிக்கொண்டிருந்தது. 1926இல் இலங்கையிலிருந்து வேறொரு கொச்சினீல் இனம் வந்த பிறகுதான் அதுவும் அடங்கியது. எந்தப் பூச்சிக்கு எந்தச் செடி என்ற பொருத்தம் அவ்வளவு நுணுக்கமானது.

உண்ணிச்செடியில் இடிப்பது அந்தப் பொருத்தம்தான். அமெரிக்கக் கண்டத்து வெப்பப் பகுதிச் செடி இது. ஐரோப்பியத் தோட்டக்காரர்கள் பூ அழகுக்காகப் பல இனங்களைக் கலந்து உண்டாக்கிய கலப்புகள்தான் உலகெங்கும் பரவியிருப்பவை, அதனால் எந்தக் காட்டிலும் இதற்கென்று ஒரே ஒரு எதிரி இல்லை. 1902இல் ஹவாயில் தொடங்கி இதுவரை 40 வகைக்கும் மேல் பூச்சிகளையும் பூஞ்சைகளையும் பல நாடுகளில் விட்டுப் பார்த்துவிட்டார்கள், சில இடங்களில் செடியின் வேகம் குறைந்ததே தவிர ஒழியவில்லை.

பூஞ்சை விஷயமும் இதே கதைதான். பிரேசிலிலிருந்து ஒரு துருநோய்ப் பூஞ்சையை 2001இல் ஆஸ்திரேலியாவில் விட்டார்கள், அது இளஞ்சிவப்புப் பூ வகையை மட்டுமே பிடிக்கும். தென்னாப்பிரிக்காவில் 1987இல் விட்ட துருநோய் ஓர் ஆஸ்திரேலிய வேல மரத்தைப் பல இடங்களில் 80 சதவீதத்துக்கு மேல் குறைத்தது உண்மை. ஆனால் அது அந்த ஓர் இனத்துக்கே உரிய நோய், பலன் தெரியவும் பல வருடம் பிடித்தது. இப்படிப்பட்ட உயிர்களை வெளிநாட்டிலிருந்து கொண்டு வர மத்திய அரசின் அனுமதியும் தனிமைப்படுத்திய சோதனையும் கட்டாயம். "உண்ணியைக் கொல்லும் பூஞ்சை" என்று யாராவது பாட்டிலில் விற்றால் வாங்காதீர்கள்.

சரி, என்ன செய்வது? தரைக்கு மேல் வெட்டுவதை நிறுத்துங்கள். மறுதுளிர் வருவது தண்டும் வேரும் சேரும் தூரிலிருந்துதான். முதல் மழைக்குப் பின் மண் இளகியிருக்கும்போது, காய் பிடிக்கும் முன், தூரைச் சுற்றி மண்ணைக் கொஞ்சம் பறித்துவிட்டு, மண்ணுக்குள் 3 முதல் 5 சென்டிமீட்டர் கீழே ஆணிவேரைக் குந்தாலியால் வெட்டி, புதரைத் தலைகீழாகக் கவிழ்த்துப் போடுங்கள், தூர் மண்ணைத் தொடக்கூடாது. டெல்லிப் பல்கலைக்கழகப் பேராசிரியர் சி.ஆர்.பாபு பரவலாக்கிய முறை இது. கூலி ஆகும்தான், அதனால் 3 ஏக்கரையும் ஒரேயடியாகத் தொடாமல் செடி குறைவாக உள்ள ஓரத்திலிருந்து உள்ளே வாருங்கள். வெட்டிய தழையை மாடு ஆடு எட்டும் இடத்தில் போடாதீர்கள், ஈரலைக் கெடுக்கும், தோலில் வெயில் பட்ட இடம் புண்ணாகும்.

அப்புறம், வெறும் நிலமாக விட்டால் குருவிகள் எச்சத்தோடு விதையை மறுபடி போடும். வெட்டிய அதே மழையில் புல்லோ துவரையோ உங்கள் ஊர் மரக்கன்றோ வைத்துவிடுங்கள். அடுத்த 2, 3 மழைக்காலங்களுக்கு, முளைத்து வரும் நாற்றைக் கையாலேயே பிடுங்கலாம், அப்போது வேர் லேசாகத்தான் இருக்கும். எல்லைக்கு அந்தப் பக்கம் காப்புக்காடு என்றால் அங்கே கை வைக்கும் முன் வனச்சரக அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.